தோண்ட ஓர் இடம்

நான்கு மணி நேரம் ஆகியும் கோதையால் ஒரு கைப்பிடி மணல்கூட எடுக்க முடியவில்லை.

கடப்பாக்கம் தாண்டி, கடலுக்கும் குப்பத்துக்கும் நடுவே கிடந்தது அந்த மணல்மேடு. மேலெல்லாம் அடம்பங்கொடி, அங்கங்கே தாழம்புதர். ரிசார்ட் கட்டுகிறவர்கள் அதை வளைக்கப் பார்த்ததும் குப்பத்துக்காரர்கள் ஒரு குழு அமைத்து, வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துக் காவல் காக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்காக வழக்கு நடத்தச் செங்கல்பட்டில் ஓர் அறக்கட்டளை முன்வந்தது.

நிபந்தனை ஒன்றுதான். மேடு தானாக உருவானது, யாரும் கிளறாதது என்று காட்ட வேண்டும். மூன்று இடங்களில் ஆழமாகத் துளைத்து மணல் எடுத்து வரும்படி கோதையை அனுப்பியிருந்தார்கள். தாவரவியல் முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு அவளுக்கு இதுதான் முதல் வெளிவேலை.

விசாரணை திங்கட்கிழமை. தோற்றால் மறுநாளே புல்டோசர் வந்துவிடும்.

"இன்னா பாப்பா, மணலுக்கு ஜோசியம் பாக்க வந்துகீறியா?" என்று காலையில் சிரித்துக்கொண்டுதான் வரவேற்றாள் குழுத்தலைவி தனகோடி.

மேட்டில் ஏறியதும் அந்தச் சிரிப்பைக் காணோம்.

அங்கே எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள். யாரும் உட்காரவில்லை.

முதல் இடத்தில் இரும்புக் குழாயை ஊன்றியபோது ஒருத்தி ஓடிவந்து, தாழை முள் கிழித்துவிடும் என்றாள். இன்னோர் இடத்தில் பாம்புப் பொந்து என்றார்கள். அதற்கும் அப்பால் போனபோது மோசஸ் என்கிற மீனவர், கீழே ஆமை முட்டை இருக்கும் என்றார்.

அது ஆடி மாதம். ஆமைக்குஞ்சுகள் எப்போதோ கடலுக்குப் போய்விட்டன. கோதைக்கு அது தெரியும். மோசஸுக்கும் தெரியும். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. லாரிக்காரர்களிடம் மணலை விற்றுவிட்டுப் பள்ளத்தை மூடி வைத்திருக்கிறார்கள்.

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் அவள். நின்ற இடத்திலேயே குழாயை அழுத்தித் திருகினாள்.

கொஞ்ச ஆழத்தில் டக்கென்று ஏதோ இடித்தது.

பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

தனகோடி பாய்ந்து வந்தாள். குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்து, துளைக்குள் கையை விட்டாள். விரல்களால் துழாவினாள். மெதுவாக, உள்ளே எதற்கோ வலித்துவிடக் கூடாது என்பது போல.

கை வெளியே வந்தபோது அதில் ஒரு சங்கு இருந்தது. சின்னது.

தனகோடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

"மணலை வித்துட்டீங்களாக்கா?" என்று கேட்டாள் கோதை. "உண்மையைச் சொல்லிடுங்க. கிளறின மேடுன்னு கோர்ட்ல தெரிஞ்சா நம்ம கேஸ் நிக்காது."

"விக்கிறதா?" தனகோடி எழுந்திருக்கவில்லை. "சுனாமில போன எங்க புள்ளைங்க இதுலதான் கீதுங்க பாப்பா. பதினோரு புள்ளைங்க."



கோதை நகரப் பார்த்தாள். எந்தப் பக்கம் காலை எடுத்து வைப்பது என்று புரியவில்லை.

"அந்த இடத்தை மட்டும் காட்டுங்கக்கா" என்றாள் கடைசியில். "அதை விட்டுட்டு வேற இடத்துல எடுத்துக்கறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

தனகோடி துளைக்குள் மணலைத் தள்ளினாள். உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினாள்.

"நாங்க ஆஸ்பத்திரில கெடந்தோம். ஆம்பளைங்க அவசரத்துல பொதச்சிட்டு வந்தாங்க. நட்டு வெச்ச குச்சி எல்லாம் காத்துல பூட்ச்சு. பொதச்ச மனுசன் தோ, மோசஸ் அண்ணாத்த, நிக்கிறாரு. அவருக்கே தெரியல."

அவள் கை இன்னும் மணல்மேல்தான் இருந்தது.

"எந்த இடம்னு தெரிஞ்சிருந்தா, அத மட்டும் வேலி கட்டிகினு மீதிய அவனுங்களுக்கே வுட்டிருப்போமே."