மடக்கிய கால்

நடுவில் மணைமேல் சம்மணமிட்டுப் பூங்கோதை. வலப்பக்கம் பாயில் மாப்பிள்ளை வீட்டார். இடப்பக்கம் அவளுடைய அப்பாவும் அம்மாவும். எதிரே நிச்சய ஓலை எழுதுகிறவர். அவர் எழுதி வாசித்து முடித்ததும், “எந்திரிச்சு எல்லாரையும் கும்பிட்டுக்க தாயி” என்றார் மாமியாராகப் போகிறவர். பூங்கோதை எழப் பார்த்தாள். வலது முட்டி நீளவில்லை. கபடியில் கிழிந்த ஜவ்வு மறுபடியும் எலும்புகளுக்கிடையே சிக்கி, மூட்டு பூட்டிக்கொண்டுவிட்டது. பலவந்தமாக நீட்டினால் இன்னும் கிழியும், ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணம் முடியட்டும், அதுவரை மாப்பிள்ளை வீட்டாரிடம் மூச்சு விடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். வலி பொறுக்காமல், “அத்தை, எனக்கு முட்டி...” என்று பூங்கோதை வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டாள். “காலு மரத்துப்போச்சு மதினி. கழுத, இம்புட்டு நேரம் ஒரு எடத்துல உக்காந்ததே இல்ல!” எல்லாரும் சிரித்தார்கள். “அதனாலென்ன, எங்க வீட்டுல உக்காந்து பழகிக்கிருவா” என்றார் மாமியார். அப்பா அவசரமாக ஓலையை மடித்து உறையிலிட்டு ஒட்டி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். குலதெய்வத்தின் காலடியில் வைப்பதற்காக மாப்பிள்ளையின் தாய்மாமன் அதை வாங்கிக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பினார். அந்தச் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை அம்மாவின் கை பூங்கோதையின் தோளை அழுத்திக்கொண்டே இருந்தது.