தவிட்டுக்கு வந்த பெயர்

அவள் விலை ஒரு படி தவிடு. அந்தக் காலத்தில்.

எதிரே தம்பி மனைவி ரூபகலாவின் மடியில் கிடக்கிற குழந்தைக்கு விலை கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அதைக் காப்பாற்றிக் கொடுத்த ஆஸ்பத்திரிக்குத் தம்பி கட்டிய பணத்தில், விருதுநகரில் ஒரு வீட்டையே முடித்திருக்கலாம்.

இன்று பெயர் வைக்கிறார்கள். அத்தைதான் காதில் சொல்ல வேண்டும்.

குனிந்தாள்.

எண் கணிதக்காரர் கூட்டிக் கழித்துக் கொடுத்த பெயர். ஹன்விகா. என்ன அர்த்தம் என்று தம்பியிடம் கேட்டிருந்தாள். அர்த்தம் அவனுக்கும் தெரியாது, கூட்டினால் ஐந்து வருகிறதாம். சரக்கைப் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் அவளுடைய வத்தல் மண்டிக்கும் வருவதுண்டு. அவர்களை அவள் திருத்தப் போனதில்லை.

வாயைத் திறந்தாள்.

ரூபகலா தலையைச் சாய்த்து அவள் காதோரம் வந்தாள். மூச்சு மாதிரிதான் குரல்.

"மதினி, மொதல்ல உங்க பேரச் சொல்லிருங்க. அப்புறமா இத."

திறந்த வாய் அப்படியே நின்றது.

அவள் பெயர் தவிட்டம்மாள்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவளைக் கண்டால் மாடு மாதிரி கத்துவார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டார் முன்பாதியை விழுங்கிவிட்டு 'அம்மாள்' என்று மட்டும் அச்சடித்தார்கள். மண்டிப் பலகையில் டி. அம்மாள் என்று அவளே எழுதிக்கொண்டாள். இந்தப் பெயர் தன்னோடு ஒழியட்டும் என்றுதான் இருந்தாள்.

ரூபகலாவுக்கு இது மூன்றாவது பிள்ளை.

முதல் இரண்டும் பெயர் வைக்கிற நாள்வரை இருக்கவில்லை.

அந்தக் காலத்தில், பிள்ளையைப் பறிகொடுத்துக்கொண்டே இருக்கிறவள், அடுத்ததை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவாள். விற்ற பிள்ளையை, வாங்கியவள் சார்பில், தானே வளர்ப்பாள். எமனும் வியாபாரிதானே. தவிட்டு விலைக்குப் போன சரக்கில் அவனுக்கு என்ன லாபம்? தொட மாட்டான்.

அப்படி வந்த பெயர்.

ஒரு காலத்தில் தெருவில் நின்று தவிட்டம்மா என்று கூப்பிட்டால் நாலு வாசலில் தலை நீளும். அவ்வளவு கிராக்கி. பிறகு நர்ஸம்மா வந்தாள், ஊசி வந்தது, பிள்ளைகள் தங்கின. பெயர் விழுந்துவிட்டது. இப்போது சீந்துவார் இல்லை.

பேங்கில் வேலை பார்க்கிற ரூபகலா இதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ. கண் வீங்கியிருந்தது.

"வித்தாத்தான் கலா அந்தப் பேரு. விக்காம வச்சா நிக்காது."

"வாங்கிக்கிடுங்க மதினி."

ரூபகலாவின் அடுக்களையில் தவிடு ஏது? ஓட்ஸ் வேண்டுமானால் இருக்கும். குழந்தைக்குப் போட வாங்கிவந்த தங்கச் சங்கிலி தவிட்டம்மாளின் இடுப்பில் இருக்கிறது. அதை எடுத்தால் எமனுக்கு விலை தெரிந்துபோகும். தவிட்டைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம். முதலில் விலை படிய வேண்டும்.

சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெயர் மறந்துபோயிற்றா என்று தம்பி கேட்க, ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

குழந்தையைப் போர்த்தியிருந்த துண்டுக்கு அடியில் வலது கையை விட்டாள்.

மண்டியில் அப்படித்தான். வாங்குகிற கையும் விற்கிற கையும் துண்டுக்கு அடியில் சந்திக்கும். வாய்க்கு அங்கே வேலை இல்லை. பிடிக்கிற விரல்தான் விலை.

ஒரு விரலை நீட்டினாள். ஒரு படி.

அதற்குக் கீழே விலை கிடையாது. ரூபகலா அதைப் பிடித்தால் போதும், பிள்ளை கைமாறிவிடும்.

ரூபகலாவின் கை வந்தது. சந்தை தெரியாத கை. ஜில்லென்று இருந்தது.

விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

பிறகு ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. எலும்பு நோகிற பிடி.

மண்டியில் இப்படிப் பிடிக்கிறவன் விற்க வந்தவன் இல்லை.

தவிட்டம்மாளுக்குத் தன் அம்மாவின் ஞாபகம் வந்தது. பேரம்கூடப் பேசாமல் ஒரு படிக்குச் சம்மதித்தவள் என்று, செத்த பிறகும் அவள்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது.

அன்றைக்கு அம்மாவின் கையை யார் பிரித்தெடுத்தார்களோ.

"அந்தப் பேருக்கு இனி வேல இல்ல தாயி" என்றாள், ரூபகலாவுக்கு மட்டும் கேட்கும்படி. "புள்ள தங்கிருச்சு."

குழந்தையின் காதில் ஹன்விகா என்றாள். மூன்று தடவை. மூன்றாவதை, எமனுக்கும் கேட்கட்டும் என்று, வாசல்வரை போகிற மாதிரி சொன்னாள்.

குழந்தை கொட்டாவி விட்டது.

சர்க்கரைத் தட்டு சுற்றி வந்தது. அவள் இடது கையால் எடுத்துக்கொண்டாள். நல்ல காரியத்தில் இடது கையா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

விலை படியவில்லை. பிள்ளை தாய் மடியில்.

பாக்கி, வலது கை ஒன்று. துண்டுக்கு அடியிலிருந்து இன்னும் திரும்பி வரவில்லை.