டிவி அப்பா

"ஓரமா நில்லும்மா! புள்ளையைக் கையில பிடி. கண்ணாடி கால்ல பட்டா யாரு பதில் சொல்றது?"

கண்ணாடிக்காரர் எரிந்து விழுந்தார். சிறைச்சாலை வராந்தாவில் மேஜை போட்டு, கம்பளி விரித்து, அதன்மேல் முழுக் கண்ணாடியைக் கிடத்தியிருந்தார். வார்டர்கள் அவரைக் கூப்பிடுவதே 'பட்டாசு' என்றுதான். திரி கிள்ள வேண்டாம், தானாகவே வெடிப்பார்.

அவள் நகரவில்லை. பார்வையாளர் அறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைதிக்கும் பார்க்க வந்தவருக்கும் நடுவே எப்போதும் நிற்கும் கண்ணாடி இன்று இல்லை. போன வாரம் யாரோ ஆத்திரத்தில் ஃபோன் ரிசீவரால் அடித்ததில் விரிசல் விட்டதாம், காலையில் கழற்றிவிட்டார்கள். வெறும் சட்டம். கை நீட்டினால் அந்தப் பக்கத்து நாற்காலியையே தொட்டுவிடலாம்.

"அண்ணே, நாங்க பார்த்துட்டுப் போனப்புறம் மாட்டுங்களேன். இவ பொறந்ததுலேருந்து இவங்கப்பா இவளைத் தொட்டதே இல்லை."

"நான் என்ன தர்மசத்திரமா நடத்துறேன்? அடுத்த இடத்துல ஆள் காத்துக்கிட்டிருக்கான்!"

ஆலையில் சங்கம் வைத்த குற்றத்துக்காக அவள் கணவனைப் பிடித்துக்கொண்டு போனபோது இந்தக் குழந்தை வயிற்றில். இப்போது வாய் ஓயாமல் பேசுகிறது. வழக்கு மட்டும் இன்னும் விசாரணைக்கே வரவில்லை.

"கைதியா இருந்தாலும் குடும்பத்தோட உறவை அறுக்கக் கூடாதுன்னு பல நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கும்மா. நம்ம நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு. தைரியமாக் கேளு" என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

கேட்டாள். ஜெயிலர் கோபப்படவே இல்லை. "அந்த ஒப்பந்தம்தானே? அதோ மாட்டியிருக்கோம் பாரு" என்று சுவரைக் காட்டினார். தங்க நிற ஃப்ரேமுக்குள் பளபளவென்று தொங்கியது.

"அம்மா, டிவியில அப்பா வந்தாச்சா?" என்றது குழந்தை.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். "எந்த டிவி?"

"அதோ!" குழந்தை சட்டத்தைக் காட்டியது. "எங்கப்பா அதுக்குள்ளதான் இருக்காரு. ஃபோன்ல பேசுவாரு. வெளிய மட்டும் வர மாட்டாரு."

வார்டர் சிரித்துவிட்டார். கண்ணாடிக்காரர் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, அடிக்கோலை நகர்த்தி வைத்தார். வைரமுனையால் சர்ரென்று கீறினார். மேஜை விளிம்பில் வைத்து ஒரு தட்டு. கண்ணாடி இரண்டாகப் பிரிந்தது.

'பாவி, இவன் கை விளங்குமா!' என்று அவள் மனசுக்குள் சபித்தாள்.

கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சட்டத்தில் பொருத்தினார். அது உட்காராமல் நழுவியது. இரண்டு விரல்கடை குறைச்சல்!

ஜெயிலர் ஓடி வந்தார். "என்னய்யா இது? முடியளவு பிசகாம வெட்டுவேன்னு பீத்திக்குவியே! அந்த ஒப்பந்தத்துக்கு ஃப்ரேம் போட்டப்போ அச்சு மாதிரி உட்கார்ந்ததே, இதுக்கு மட்டும் என்ன கேடு?"

"அது சும்மா சுவத்துல தொங்கறது சார். எப்படிப் போட்டாலும் நிக்கும்."

"வாய் பேசாதே. இதைச் சரி பண்ணு!"

"பெருசா இருந்தாச் சீவலாம். சின்னதாப் போனதை இழுத்து நீட்ட அதென்ன ரப்பரா? புதுசு வந்தாத்தான் ஆச்சு. அடுத்த வாரம்."

ஜெயிலர் வார்டரிடம் திரும்பினார். "இன்னைக்குப் பார்வை கிடையாது. எல்லாரையும் அனுப்பிடு."

அவள் குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தாராளமா அனுப்புங்க, எனக்கென்ன?" கண்ணாடிக்காரர் எகிறினார். "மத்தியானம் அந்த ஒப்பந்தக் குழு சோதனைக்கு வருதாமே? வாசல்ல அழுதுக்கிட்டு நிக்கிற பொம்பளைங்க முகத்துல முழிச்சுட்டே உள்ள வரட்டும். ஏன் எதுக்குன்னு கேட்டா என் பேரைச் சொல்லிடாதீங்க. எனக்குத் தொழில் முக்கியம்."

ஜெயிலர் சுவரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "சரி, சரி. ஒவ்வொருத்தரா விடு. சட்டுனு முடிக்கச் சொல்லு" என்று முனகிக்கொண்டே போனார்.

அவள் கணவன் வந்து உட்கார்ந்தான். பழக்கதோஷம், ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். அவளும் எடுத்துவிட்டாள். மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "எப்படி இருக்கே?" "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று இருவரும் ஃபோனில் விசாரித்துக்கொண்டார்கள்.

எப்போதும்போல் குழந்தை கண்ணாடியைத் தட்டக் கையை நீட்டியது. தட்ட அங்கே ஒன்றும் இல்லை. கை நேரே போய் அவன் தாடியில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"அம்மா! டிவி குத்துது!"

அவன் ரிசீவரைக் கீழே வைத்தான். "இன்னொரு தடவை குத்தட்டுமா, கண்ணு?" என்று கேட்டு முகத்தை முன்னால் நீட்டினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வார்டர் வந்து தோளைத் தொடும்வரை அப்படியே இருந்தாள்.

வெளியே வந்தபோது கண்ணாடிக்காரர் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். வேலை தெரியாத மனுஷனால்தான் இன்றைக்கு இந்த அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனாள்.

"ஏம்மா, நில்லு!" அதே அதட்டல். "அடுத்த வாரம் எந்தக் கிழமை வருவே?"

"வெள்ளிக்கிழமைண்ணே. எதுக்குக் கேக்குறீங்க?"

"எதுக்கா? அன்னைக்குப் பார்த்துத்தானே எனக்கு அளவு தப்பணும்!"