அவசர ஆர்டர்

"இன்னும் கொஞ்ச நேரத்துல நீ இங்க இருக்கணும். அவசர ஆர்டர். வர முடியாதுன்னா திங்கக்கிழமையிலேருந்து வீட்டுலயே இருந்துக்கோ!"

குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஈரக் கையோடு போனைக் காதில் வைக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். முதலாளியம்மாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"அக்கா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை..."

"ஆர்டர் கொடுத்தவன் கிழமை பாத்தா கொடுத்தான்? கிளம்பி வா."

போன் கட்டானது.

டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவன் திரும்பினான். "தாய்மார்களுக்குத் தோள் கொடுக்கிற கம்பெனின்னு போர்டு வச்சிருக்காங்களே, இதுதான் அந்த லட்சணமா?"

அவள் குழந்தையைத் துண்டில் சுற்றினாள். அது குழந்தைத் துணி தைக்கிற சின்னக் கம்பெனி. வேலை செய்கிற அத்தனை பேரும் பிள்ளை பெற்றவர்கள்தான். பக்கத்திலேயே தொட்டில் அறை. பால் கொடுக்க எழுந்து போனால் ஏன் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். ஒருத்திக்கு உடம்பு முடியாவிட்டால் பக்கத்து மெஷின்காரி அவள் பங்கையும் சேர்த்துத் தைத்துவிடுவாள். சேர்ந்த நாளிலிருந்து பிறந்த வீட்டுக்குப் போகிற மாதிரிதான் போய்க்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு இப்படி ஒரு குரல்.

அடுப்படியிலிருந்து மாமியார் வந்தாள். "அடேயப்பா, என்ன வாய்! ஆளையே விலைக்கு வாங்கின மாதிரி! சரி சரி, குழந்தையை இப்படிக் கொடு. நிக்காதே, கிளம்பு. அப்புறம் வேலை போச்சுன்னு எம் முன்னாடி மூக்கைச் சிந்திக்கிட்டு உட்காராதே."

"அத்தை, அவனுக்குப் பால்..."

"எனக்குத் தெரியாதா? உம் புருஷனை வளத்தது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?"

"அம்மா, அவ போக வேண்டாம். அந்த வேலையே வேண்டாம்" என்றான் கணவன்.

"நீ டிவியைப் பாருடா!"

எப்போதுடா வெளியே போவேன் என்று அத்தை காத்திருந்தார்கள் போலிருக்கிறது! நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

ராத்திரியெல்லாம் குழந்தை தூங்கவிடவில்லை. கண் இரண்டிலும் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிந்தது. நடக்க நடக்க ஆத்திரம் ஏறியது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான். வேலை போனால் போகட்டும்.

ஆனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்காமல் அவளுக்கு வேலை கொடுத்த ஒரே இடம் அது.

கம்பெனிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மெஷின் சத்தமே இல்லை. தள்ளித் திறந்தாள்.

"அக்கா, நீங்க பண்றது கொஞ்சம்கூட..."

"உஷ்!"

துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின்காரி வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

மெஷின்களெல்லாம் உறை போட்டுக் கிடந்தன. வெட்டுகிற மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் வரிசையாக மெத்தைகள். பட்டன் தைக்கிறவள் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டாள். இரட்டைப் பிள்ளைக்காரி மூலையில் சோற்றுத் தட்டை மடியில் வைத்திருந்தாள்.

"யாரும் எங்கிட்ட பேசாதீங்க. சூடா சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு!"

முதலாளியம்மா தலையணையோடு வந்தாள். போனில் கேட்ட குரலே இல்லை. "வந்துட்டியா? ஜன்னலோரம் உனக்குத்தான். படு."

"ஆர்டர்னு சொன்னீங்களே?"

"இதுதான் ஆர்டர்."

"அப்புறம் எதுக்கு அந்தத் திட்டு?"

"வந்து கொஞ்சம் தூங்கிட்டுப் போம்மான்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா? துணி ஊறுது, வீடு கூட்டலைன்னு ஆயிரம் சொல்லியிருப்ப. வேலைன்னாத்தானே ஓடி வர்றோம்! நானும் அப்படி ஓடி ஓடி ஒரு நாள் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தவதான். அன்னிக்கு எழுந்ததும் முடிவு பண்ணினேன். மாசத்துல ஒரு ஞாயிறு, கண்ணு சொருகிப் போனவளையெல்லாம் அதட்டிக் கூப்பிட்டுப் படுக்க வச்சிடறது."

ஓவர்லாக்காரி சிரித்தாள். "போன மாசம் நான். எங்க மாமனார் அந்தச் சத்தத்துல பயந்துபோய், அவரே வண்டியில கொண்டுவந்து விட்டுட்டு, உங்க அக்காகிட்ட நான் லேட் பண்ணலைன்னு சொல்லிடும்மான்னுட்டுப் போனார்!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. மெத்தையில் மெல்லச் சாய்ந்தாள். உடனே பாதி எழுந்தாள்.

"வீட்டுல தெரிஞ்சா அவ்வளவுதான் அக்கா. நான் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாலே எங்க மாமியாருக்கு ஆகாது."

முதலாளியம்மா அவள் தலையைத் தலையணையில் அழுத்தினாள்.

"உள்ளதைச் சொல்லணும்னா, இந்த மாசம் உன்னைக் கூப்பிடறதா இல்லை. நீ புதுசு, தப்பா எடுத்துக்குவியோன்னு விட்டிருந்தோம். நேத்து ஒரு போன் வந்தது. பொண்ணு நின்னுக்கிட்டே தூங்கி விழறா, எப்படியாவது உங்க இடத்துல ஒரு மதியம் படுக்க வைங்கன்னு ஒரே கெஞ்சல்."

"எங்கம்மாவா?"

"உன் மாமியார். அவங்க படுன்னு சொன்னா, குத்திக் காட்டறதா நினைச்சுக்குவியாமே? நான் எங்க வழக்கத்தைச் சொன்னேன். 'அப்போ நல்லா சத்தமாவே திட்டும்மா, என் மகன் தடுத்தாலும் நான் அவளை விரட்டி விட்டுடறேன்'னாங்க."