தரை எழும்பும் குளம்

எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் சாக நினைத்தாலும் முடியாது. பிள்ளை மூழ்கினால் அடுத்த நொடியே தரை எழும்பி வந்து அதை மேலே தூக்கிவிடும். ஆகவே பெற்றவர்களுக்குக் கரை சந்தைக்கடை மாதிரி. நான் மிளகாய் வற்றலுக்கு விலை பேசுவேன். என் மனைவி செண்பகம் வரன் பேசுவாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவனை வேலையில்லாதவன் என்போம்.

மைத்துனனுக்குப் பெண் பேசப் போன ஊரில் இருந்தது பழைய நீச்சல் குளம். தண்ணீர் பச்சையாய்க் கலங்கிக் கிடந்தது. எங்கள் மகள் இதழினி அதில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தாள். பந்திக்கு ஜாங்கிரியா அதிரசமா என்று கரையில் குடும்பமே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

"என்னங்க, இதழினியைக் காணோமே?" என்றாள் செண்பகம்.

"முங்கியிருப்பா. தரை தூக்கிவிடும். நீ ஜாங்கிரிக்கு ஒரு முடிவு சொல்லு."

குளத்துக் காவலாளி விருட்டென்று எழுந்தார். "எந்தத் தரை அண்ணாச்சி? இங்க அடியில வெறும் சிமெண்டுதான்!"

சட்டையோடு குதித்தார். இரண்டு முறை முங்கி வெறுங்கையோடு வந்தார்.

"ஒண்ணுமே தெரியல. பிள்ளையைக் கடைசியா எங்க பாத்தீங்க? கை காட்டுங்க, சீக்கிரம்!"

நாங்கள் எட்டுப் பேர் கையை நீட்டினோம். ஒரு விரல் காட்டிய இடத்தை இன்னொரு விரல் காட்டவில்லை.