கத்துற ஃபேன்

"அதே பழைய ஃபேனா? உனக்கு மூளை கீளை இருக்காடா?"

அக்கா போட்ட சத்தத்துல கம்ப்யூட்டர் கடையே திரும்பிப் பாத்துச்சு. கடைன்னா என்ன, ஒரு ரூம் அகலம்தான். முன்னாடி அது தையல் கடை. அந்த ஆளுயரக் கண்ணாடிய இன்னும் கழட்டல. அதனால அங்க ரெண்டு பேர் சண்டை போட்டா நாலு பேர் போடுற மாதிரி இருக்கும்.

தம்பி மடியில ஒரு துணிப்பை. அதுக்குள்ள பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டுன ரெண்டு ஃபேன்.

கேம் விளையாட நல்லதா ஒரு கம்ப்யூட்டர் வேணும்னு அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. சரக்கு ஆபீஸ்ல பில் போடுற வேலை, அந்தச் சம்பளத்துல எங்க? அக்காதான், "பாதி நான் தர்றேன், ஆனா கடைக்கு நானும் வருவேன்"னா.

அவ வந்தா வந்ததுதான். போன தடவை குக்கர் வாங்கப் போன கடையில, ரப்பர் வளையம் ரெண்டு சும்மா குடுத்து வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனாங்க. மரியாதைக்கு இல்ல, திரும்பி உள்ள வந்துரக் கூடாதேன்னு. அது கெடக்கட்டும்.

மத்த சாமானெல்லாம் சமாதானமாத்தான் முடிஞ்சுது. பிராசஸர், போன வருஷத்து மாடல் போதும். ரேம் இப்போதைக்கு ஒண்ணு, இன்னொண்ணு பின்னாடி பாத்துக்கலாம். கிராபிக்ஸ் கார்டு, யாரோ ஆறு மாசம் ஓட்டிட்டுக் குடுத்தது. கடைக்காரர் தானே வாரண்டி தர்றேன்னுட்டார். கலர் கலரா லைட் எரியுற கேபினெட்ட தம்பியே வேண்டாம்னுட்டான். அக்காவுக்குப் பெருமை தாங்கல.

ஃபேன்கிட்ட வந்துதான் வண்டி நின்னுது.

கடைக்காரர் பொறுமையாத்தான் சொன்னார். "தம்பி, இந்தப் பழசு காத்து குடுக்கும், இல்லேங்கல. ஆனா வர்றவங்க, இது கம்ப்யூட்டரா மாவு மில்லான்னு கேப்பாங்க. இந்தப் புதுச பாருங்க. ஓடுதா இல்லையான்னு பக்கத்துல கைய வச்சாத்தான் தெரியும். பெரிய வெலையும் இல்ல."

"வேண்டாம்ணே. அந்தக் காசு கார்டுக்கு ஆகும்."

"கேட்டீங்களாண்ணே!" அக்கா பிடிச்சுக்கிட்டா. "தொரைக்குப் படம் பளிச்சுனு தெரியணுமாம். பெத்தவ தூங்குனா என்ன, தூங்காட்டி என்ன!"

வீடு ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு. நடுவுல ஒரு திரை. அந்தப் பக்கம் அம்மா கட்டில், இந்தப் பக்கம் இவன் மேஜை. அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சு. கண்ணு இருந்தப்பவே, பக்கத்து வீட்டுப் பூனைய தன் பூனைன்னு நெனச்சு வருஷம் பூரா பால் ஊத்துனவங்க. அது வேற கதை.

"அவங்களுக்கு இப்ப காதுதாண்டா எல்லாம். அந்தக் காதுகிட்டப் போய் மில்லு ஓட்டுறியே! நீ மட்டும் ஹெட்போன மாட்டிக்கிட்டு சொகமா ஒக்காந்துக்குவ."

"அம்மா ஒண்ணும் சொல்லலையே."

"செல்லப் பிள்ளைய என்னைக்குடா சொல்லியிருக்காங்க? சரி, ஃபேன் காசும் நானே தர்றேன். இப்ப?"

"வேண்டாம்க்கா."

"சும்மா குடுத்தாலும் வேண்டாமா?"

"பழசே இருக்கட்டும்."

கடைக்காரரே ஸ்குரூ டிரைவரக் கீழ வச்சுட்டு அவன ஒரு மாதிரி பாத்தார்.

அக்கா போன எடுத்தா. "இரு. அம்மா வாயாலயே கேளு."

"அம்மாவ எதுக்குக்கா இதுல..." தம்பி கைய நீட்டுனான். அதுக்குள்ள ஸ்பீக்கர்ல போட்டுட்டா.

"அம்மா, நான்தான். சாப்டீங்களா? கம்ப்யூட்டர் வாங்கிட்டிருக்கோம். இனிமே அந்தக் கொடைச்சல் இல்லம்மா. சத்தமே வராது. நிம்மதியாத் தூங்கலாம்."

அந்தப் பக்கம் அம்மா கட்டில்ல எந்திரிச்சு ஒக்காருற சத்தம் கேட்டுச்சு.

"சத்தமே வராதா?"

"பொட்டுச் சத்தம் வராதும்மா."

"அப்பறம் அவன் வீட்ல இருக்கானா இல்லையான்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

அக்கா தம்பியத் திரும்பிப் பாத்தா.

அம்மா பாட்டுக்குப் பேசுறாங்க. "அவன் காதுல அத மாட்டிக்கிட்டா நான் கூப்பிட்டாலும் கேக்காது. அது கொர்ருனு ஓடிக்கிட்டிருந்தா, பிள்ளை இங்கதான இருக்கான்னு அப்படியே கண்ணசந்துருவேன். சரி சரி, அவனுக்கு எது பிடிக்குதோ அத வாங்கிக் குடு. நான் இப்படிச் சொன்னேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லாத."

போன் கட்டாச்சு.

தம்பி எதிர்ச் செவுத்துல தொங்குற கீபோர்டுகளப் பாத்துக்கிட்டிருந்தான்.

"போன மாசம் தூசி தட்ட ஃபேனக் கழட்டுனேன்க்கா. வீடு கம்முனு ஆயிடுச்சு. அம்மா செவுத்தப் பிடிச்சுக்கிட்டே வந்து, என் தலையத் தடவிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா?"

"கடையில வச்சு என்னன்னுக்கா சொல்றது?"

அக்கா மூக்க உறிஞ்சிக்கிட்டா. அவன் மடியில இருந்த துணிப்பைய எடுத்து கடைக்காரர் முன்னாடி வச்சா.

"அண்ணே, இதையே மாட்டுங்க. நல்லது செய்யறதா நெனச்சு எண்ணெய் கிண்ணெய் விட்டு சத்தத்தக் கொறச்சிராதீங்க."