பதக்கம் வாங்கிய கை

பெண் பார்க்க வந்த குருவம்மாள், அலமாரியில் இருந்த துப்பாக்கிச் சுடும் போட்டிப் பதக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் இன்னும் காரை நிறுத்திவிட்டு வரவில்லை.

“விசில் அடிச்சா ஒரு செகண்டுல துப்பாக்கிய எடுத்துச் சுட்டுருவியாமே?”

“போட்டியில சுடுவேன் அத்தை,” என்றாள் எஸ்.ஐ. ஸ்வாதி.

“அப்போ குற்றாலத்துல ஏன் சுடலை? ரவுடியப் பிடிக்க நின்ன இடத்துல ஒருத்தன் உன்னப் பாத்து ஓடியாந்து, பிடரிக்குப் பின்னால கையக் கொண்டுபோனானாமே. அருவாள அங்கனதான செருகி வச்சிருப்பானுவ?”

இந்தச் சம்பந்தமும் போச்சு என்று ஸ்வாதியின் அப்பா நெளிந்தார்.

“துப்பாக்கிய எடுத்துட்டேன். ஆனா போட்டியில நிக்கது அட்டை, அங்கன நின்னது ஆளு. கையில என்ன வருதுன்னு பாக்காமச் சுட மனசு வரலை.”

“ஸ்டேஷன்ல கேலி பண்ணுதாங்களாமே?”

“பண்ணுதாங்க.”

“பண்ணட்டும். நீ அன்னைக்கு முந்தியிருந்தா, பொண்ணு பாக்கக் கூட்டியார எனக்குப் பிள்ளையே இருந்திருக்க மாட்டான்.”

ஸ்வாதி சட்டென வாசலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிய மாப்பிள்ளை, சட்டைக் காலரின் பின்னால் மாட்டியிருந்ததை எடுக்கப் பிடரிக்குக் கையைக் கொண்டுபோனான். அவள் பார்ப்பதைக் கண்டதும் இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தினான்.

“இன்னைக்கும் குடைதான் மேடம்.”